ஆமையைக் குளத்தில் விடலாமா? குட்டி நாய் கீறினால் ஊசி வேண்டுமா?

கேள்வி:

வணக்கம் டொக்டர். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் கணவர், ஒன்பது வயது மகன், மாமியார் ஆகியோருடன் வசிக்கிறேன். மகனின் பிறந்தநாளுக்காக மூன்று வருடங்களுக்கு முன் கடையில் ஓர் ஆமைக்குஞ்சு வாங்கினோம். அப்போது பெரிய நாணயமளவு இருந்தது. இப்போது என் உள்ளங்கையைவிடப் பெரிதாகிவிட்டது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறது. குளியலறையில் பிளாஸ்டிக் பேசினில் வைத்திருக்கிறோம். சோறு, பாண், கூனி இறால் போடுகிறோம். இரண்டு வாரமாகக் கண் வீங்கிச் சாப்பிட மறுக்கிறது. கோயில் கேணியிலோ பெல்லன்வில பக்கத்துக் குளத்திலோ விட்டுவிட்டால் புண்ணியம் என்கிறார் மாமியார். யாழ்ப்பாணத்தில் அவர்கள் வீட்டுக் கிணற்றிலும் ஆமை இருந்ததாம். விடலாமா?

மொட்டைமாடிக்கு உடுப்புக் காயப்போடப் போனால் காகங்கள் தலையில் தட்டுகின்றன. பக்கத்து மாமரத்தில் கூடு இருக்கிறது; குஞ்சு ஒன்று எங்கள் மாடியில் விழுந்து கிடக்கிறது. கணவர் கூட்டைத் தடியால் கலைக்கப் போவதாகச் சொல்கிறார். காகம் தலையில் தட்டினால் சனி தோஷம் என்று மாமியார் கவலைப்படுகிறார். பின்பக்கத்துக் கானில் கபரகொய்யா (நீர் உடும்பு) ஒன்றும் வந்து போகிறது. அதற்கு என்ன செய்வது?

இன்னொன்று: மூன்று நாட்களுக்கு முன் ஒழுங்கையில் ஒரு நாய்க்குட்டிக்கு மகன் பிஸ்கட் கொடுத்தபோது மணிக்கட்டில் அதன் பல் பட்டுவிட்டது. கொஞ்சம் இரத்தம் வந்தது, மஞ்சள் வைத்தோம். குட்டிதானே என்று ஊசி போடவில்லை. இப்போது அந்தக் குட்டியைக் காணவில்லை. பயப்பட வேண்டுமா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தவுடனேயே, மகனை அன்றே அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துப் போகும்படி ஆசிரியர் குழுவினர் மூலம் தொலைபேசியில் சொல்லச் செய்தேன். களுபோவில வைத்தியசாலைக்குப் போய் முதல் ஊசியைப் போட்டுவிட்டீர்கள் என்று அறிந்து பெரிய ஆறுதல். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை உங்களுக்கும், இதே நினைப்பில் இருக்கக்கூடிய மற்றப் பெற்றோருக்கும் சொல்லியாக வேண்டும்.

விசர்நாய்க்கடிக் கிருமிக்கு நாயின் வயது ஒரு பொருட்டே அல்ல. நோய் கண்ட இன்னொரு விலங்கு அந்தக் குட்டியைக் கடித்திருந்தால், இரண்டு மாதக் குட்டியின் எச்சிலிலும் கிருமி இருக்கும். பால்குடிக் குட்டிகளைப் பிள்ளைகள் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுவார்கள், முகத்தை நக்கவும் விடுவார்கள். அதனாலேயே குட்டிகள் விடயத்தில் நான் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். கடித்தது நாய் என்றில்லை. பூனை, கீரி கடித்தாலும் இதே விதிதான்.

கிருமி உடம்புக்குள் போனதும் இரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. காயத்துக்கு அருகிலுள்ள நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி நகரும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரை எந்த அறிகுறியும் தெரியாது. சிலருக்கு அதைவிட முன்னதாகவும் வரும், ஒரு வருடம் கழித்தும் வரும். விரல், கை, முகம் போன்ற இடங்களில் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே பட்ட காயம் கூடுதல் ஆபத்தானது. தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் உலகின் எந்த வைத்தியசாலையாலும் அநேகமாகக் காப்பாற்ற முடியாது. ஆனால் கிருமி மூளையை எட்டுவதற்கு முன் ஊசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்கிவிட்டால், நோய் வராமலே போகும். இவ்வளவு கொடிய ஒரு நோயை, கடி விழுந்த பிறகும் தடுக்க முடிகிறது என்பது மருத்துவம் நமக்குத் தந்த பெரிய கொடை. அதைக் கை நழுவ விடலாமா?

மூன்று நாள் கடந்துவிட்டதே, இனிப் போட்டுப் பயன் உண்டா என்றும் தொலைபேசியில் கேட்டீர்களாம். கட்டாயம் உண்டு. 1885 ஜூலை 6ஆம் தேதி லூயி பாஸ்டர் முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்தது ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு. அவனுக்கும் உங்கள் மகனைப் போல ஒன்பது வயது. விசர்நாய் கடித்து இரண்டு நாள் கழித்தே அவனைக் கொண்டு வந்திருந்தார்கள். அவன் பிழைத்து, வளர்ந்து, பெரியவனாகி வாழ்ந்தான். நாள் தள்ளிப்போனது என்பதற்காக யாரும் ஊசியைக் கைவிடக் கூடாது. தள்ளிப்போனதனாலேயே இன்னும் விரைந்து போக வேண்டும்.

பல் பட்டுவிட்டது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பல் பட்டுத் தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், வைத்தியர்கள் அதைப் பாரதூரமான வகையில்தான் சேர்ப்பார்கள். அப்படியான காயங்களுக்குத் தடுப்பூசி மட்டும் போதாமல், நோயை உடனே எதிர்க்கும் இன்னொரு மருந்தையும் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டியிருக்கும். அது தேவையா என்பதை அங்குள்ள வைத்தியர் காயத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று மாமியார் பயமுறுத்தியிருப்பார். அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது கையில்தான், சில தவணைகளாக. அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம். ஒரு தவணை கூடத் தவறக் கூடாது. டியூஷன், பரீட்சை என்று எதற்காகவும் தள்ளிப் போடாதீர்கள்.

காயத்தைக் கழுவும் முறையையும் கேளுங்கள், ஏனென்றால் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் காயத்தைப் பிடித்துக்கொண்டு, சவர்க்காரம் போட்டு நுரைக்க நுரைக்கப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றால்தான் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். பிள்ளை அழுவான், விடாதீர்கள். அந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பினாலானது. சவர்க்காரம் அதைச் சிதைத்துவிடும். மஞ்சள், கோப்பித்தூள், தேசிக்காய், மிளகாய் எதையும் வைக்காதீர்கள். அவை காயத்தை உறுத்தி, உள்ளே இருப்பதைக் கழுவ முடியாமல் செய்துவிடும்.

கடித்த நாய் கண் முன்னே இருந்தால், கட்டி வைத்து இரண்டு வாரம் கவனிக்கலாம். எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய் அதற்குள் நோயைக் காட்டி இறந்துவிடும். உங்கள் ஒழுங்கைக் குட்டியைக் காணவில்லை என்பதால் அந்த வழி மூடிவிட்டது. கவனிக்கும்போதும், வெறிபிடித்து ஓடுகிற நாயை மட்டும் தேடாதீர்கள். சில நாய்கள் சத்தமே இல்லாமல் இருட்டு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடியும், விழுங்க முடியாமல் திணறும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அப்படியொரு நாய் இறந்துவிட்டால், பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் அதன் மூளையைப் பரிசோதித்து நோயை உறுதிப்படுத்த முடியும்.

தாய் நாய் இன்னும் ஒழுங்கையில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். அதை விரட்டிவிடாதீர்கள். விரட்டினால் தடுப்பூசி போடாத வேறொரு நாய் அந்த இடத்துக்கு வரும். ஒழுங்கையில் நான்கு வீட்டார் சேர்ந்து, சுகாதாரப் பரிசோதகர் மூலம் அதற்கும் எஞ்சிய குட்டிகளுக்கும் ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் ஆண்டுக்கு முந்நூறு பேருக்கு மேல் இந்த நோயால் இறந்தார்கள். இன்று அது சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. நாய்களுக்குத் தடுப்பூசி, மக்களுக்கு இலவச ஊசி, இவைதான் காரணம். இன்னமும் இறப்பவர்களில் பலர், சின்னக் கீறல்தானே என்று வீட்டில் இருந்துவிட்டவர்கள். இதை எழுதும்போது எனக்கு மனம் பதறுகிறது.

இனி ஆமை. குளத்திலோ கேணியிலோ கால்வாயிலோ அதை விடாதீர்கள்.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு என்று எழுதியதால் எந்த ஆமை என்று ஐயமில்லாமல் தெரிகிறது. அது சிவப்புக் காது ஆமை. அதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் அதைச் சூழ்ந்த தென்பகுதியும். குஞ்சாக இருக்கும்போது பச்சைப் பசேலென்று அழகாக இருப்பதால் உலகம் முழுவதும் செல்லப்பிராணியாக விற்றார்கள். வளர்ந்து பெரிதானதும் உலகம் முழுவதும் உங்களைப் போலவே நினைத்துக் குளங்களில் விட்டார்கள். இன்று உலகின் மிக மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறைக் குறிப்பிடும் சர்வதேசப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே அதன் இறக்குமதியைத் தடை செய்தது.

மாமியாரின் யாழ்ப்பாணத்துக் கிணற்றில் இருந்தது நம் மண்ணின் ஆமை. இலங்கையின் நன்னீரில் கறுப்பு ஆமையும் பாலாமையும் காலங்காலமாக வாழ்கின்றன. இங்குள்ள பாலாமை இனம் உலகில் வேறெங்கும் கிடையாது. அவை வெயில் காயக் கரையேறும் மரக்கட்டையிலும் கல்லிலும் இந்தப் பெரிய, துணிச்சலான ஆமை வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இரையைப் பங்குபோடும், தொட்டியில் ஒட்டிய நோய்க்கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் அங்கே பரப்பும். பெண் ஆமையாக இருந்து ஓர் ஆணும் அங்கே கிடைத்துவிட்டால் கரை மண்ணில் முட்டையிடும். விட்டவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். குளத்தில் வேலை அப்போதுதான் ஆரம்பமாகும்.

பெல்லன்வில-அத்திடிய ஈரநிலம் சாதாரணக் குளமல்ல. 1990இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடம். அங்கே எதையும் கொண்டுபோய் விடக் கூடாது. இந்த ஈரநிலங்களால்தான் கொழும்புக்கு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. நகரத்துக்குள்ளேயே மீன்பிடிப் பூனை வாழ்கிறது என்றால் அது எவ்வளவு பெரிய செல்வம்! இந்த நீர்நிலைகளில் ஏற்கெனவே கண்ணாடித் தொட்டிகளிலிருந்து விடப்பட்ட கத்தி மீனும், தொட்டியைத் துப்புரவாக்கும் என்று வாங்கப்பட்ட டேங்க் கிளீனர் மீனும் பெருகி, நம்முடைய சிறு மீன்களுக்கு இடமில்லாமல் செய்கின்றன. ஆற்றுவாழையும் அழகுக்காக வந்த செடிதான். அதை ஒழிக்க 1909இலேயே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நூறு வருடத்துக்கு மேலாகியும் நம் குளங்களிலிருந்து அதை வாரி முடியவில்லை.

கோயில் கேணி என்றால் பரவாயில்லையா என்று கேட்கலாம். ஆமையைத் திருமாலின் அவதாரமாகப் பார்க்கும் மாமியாரின் பக்தியை நான் மதிக்கிறேன். அந்தப் பக்தி இருப்பதாலேயே சொல்கிறேன்: செங்குத்தான கருங்கல் படியில் ஆமையால் ஏறி வெயில் காய முடியாது. எண்ணெயும் பூவும் மிதக்கிற தண்ணீரில், அடியார்கள் போடுகிற பொரியைத் தின்று அது நலிந்துபோகும். மழைக்குக் கேணி நிரம்பி வழிந்தால் அங்கிருந்து கானுக்கும், கானிலிருந்து கால்வாய்க்கும் போய்விடும். பெருமாளுக்குச் செய்யும் தொண்டாக நினைத்தால், உங்கள் வீட்டிலேயே அதை நன்றாக வைத்திருங்கள். இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வார். விலங்குக்குச் சோறு போட்டுப் பழகியவர்களின் மனம் அப்படித்தான்.

அது இப்போது நோயில் இருக்கிறது. கண் இமை வீங்கி மூடிக்கொள்வதற்குப் பெரும்பாலும் உணவில் விற்றமின் ஏ இல்லாததும் அழுக்குத் தண்ணீருமே காரணம். இந்த ஆமை பார்வையைக் கொண்டுதான் இரை பிடிக்கும். கண் மூடினால் பட்டினி கிடக்கும். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஆமையின் இரு பக்கத்தையும் பிடித்துத் தூக்கி, ஓட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இந்த வயதில் ஓடு கல்லைப் போல் உறுதியாக இருக்க வேண்டும். விரலுக்கு வளைந்து கொடுத்தால் கல்சியமும் வெயிலும் போதவில்லை. பிறகு தண்ணீரில் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தாலோ, மூக்கில் நீர்க்குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ நுரையீரலில் சளி கட்டியிருக்கலாம். அன்றே ஆமைகளைப் பார்த்துப் பழகிய மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். இவை இல்லாவிட்டாலும் இரண்டு வாரம் சாப்பிடாத ஆமையை இந்த வாரத்துக்குள் காட்டியாக வேண்டும். மருந்துக் கடையில் விற்றமின் சொட்டு வாங்கி நீங்களாகவே கொடுக்காதீர்கள்; விற்றமின் ஏ அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகிவிடும்.

சோறும் பாணும் இன்றோடு நிற்கட்டும். கூனி இறால் எப்போதாவது கொஞ்சம் போடலாம், அதுவே உணவாகிவிடக் கூடாது. குஞ்சில் இந்த ஆமை பெரும்பாலும் புழு பூச்சி மீன் தின்னும். வளர வளர இலைதழைக்கு மாறும். உங்கள் ஆமைக்குக் கங்குன் கீரைதான் மிகச் சுலபமான உணவு. வெள்ளவத்தைச் சந்தையில் தினமும் கிடைக்கிறது. துருவிய கரட், அவித்த பூசணித் துண்டு, வாரத்தில் ஓரிரு முறை முள்ளோடு சிறிய நெத்தலி, அதோடு ஆமைக்கென்றே விற்கும் உருண்டைத் தீனி கொஞ்சம். உணவைத் தண்ணீருக்குள் போடுங்கள்; இவற்றால் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாது.

வெயில் இல்லாததுதான் இதன் பெரிய குறை. குளியலறையில் மூன்று வருடம்! வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் விற்றமின் டி உருவாகி, கல்சியம் ஓட்டில் சேரும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், கண்ணாடி வழியே வருகிற வெயிலால் பயனில்லை. பேசினை விட்டுவிட்டு, மொட்டைமாடியில் ஒரு மூலையிலோ பல்கனியிலோ பெரிய தொட்டி வையுங்கள். சீமெந்துத் தொட்டியோ முந்நூறு லீற்றர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டியோ போதும். தண்ணீரின் ஆழம் ஆமையின் நீளத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். ஒரு பக்கம் செங்கல் அடுக்கி, முழு உடம்பும் காய்ந்து உலருமாறு ஏறி நிற்க இடம் செய்யுங்கள். பாதித் தொட்டிக்கு நிழல் வேண்டும். கொழும்பின் நடுப்பகல் வெயிலில் ஒதுங்க இடமில்லாத ஆமை வெந்துபோய்விடும். மேலே கம்பி வலை கட்டாயம், காகமும் பூனையும் சும்மா விடா. நம் ஊர்ச் சூட்டுக்குத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி எதுவும் தேவையில்லை.

கைகழுவும் விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். எவ்வளவு நலமாகத் தெரிந்தாலும் ஆமையின் உடம்பிலும் தண்ணீரிலும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பிள்ளைகளுக்கு அதனால் கடும் வயிற்றோட்டம் வருவதைக் கண்டுதான் அமெரிக்காவில் 1975இல் பத்து சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஆமைக்குஞ்சுகளை விற்பதையே தடை செய்தார்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறைச் சிங்கில் ஊற்றாதீர்கள், மலசலகூடத்தில் ஊற்றுங்கள். தொட்ட பிறகு எல்லோரும் சவர்க்காரத்தால் கைகழுவ வேண்டும். வயதான மாமியார் இதில் கூடுதல் கவனமாக இருக்கட்டும்.

முன்னங்காலின் நகங்களைப் பாருங்கள். மிக நீளமாக, வால் தடித்து இருந்தால் ஆண். நகம் குட்டையாக, உடம்பு பெரிதாக இருந்தால் பெண். அது ஒரு நாள் ஆணே இல்லாமலும் முட்டையிடும். பின்னங்காலால் தரையைச் சுரண்டி அமைதியில்லாமல் அலைந்தால், ஒரு பெட்டியில் ஈர மணலை ஓரடி ஆழத்துக்கு நிரப்பி அதற்குள் விடுங்கள். இடமில்லாமல் முட்டையை வயிற்றிலேயே தேக்கி வைத்து இறந்துபோகிற ஆமைகள் உண்டு.

இது இருபது, முப்பது வருடம் வாழும் உயிர். உங்கள் மகன் படித்து முடித்து, வேலைக்குப் போய், கலியாணம் செய்யும் நாளிலும் அது இருக்கும். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது. உங்களால் உண்மையில் முடியாது என்றால் அதில் வெட்கமில்லை. வளவும், சுற்றிக் கட்டிய தொட்டியும் உள்ள ஒருவரைத் தேடி, மேலே எழுதியதையெல்லாம் சொல்லி ஒப்படையுங்கள். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் எடுப்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்காமல் வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். இதற்குப் பதிலாக நட்சத்திர ஆமை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இனம். வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

காகங்களைப் பற்றி. கணவரிடம் தடியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் தலையில் தட்டுவது, விழுந்த அந்தக் குஞ்சின் தாயும் தகப்பனும். அதை நீங்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள் என்று பயந்து தட்டுகின்றன. சனி தோஷத்துக்கு மாமியார் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றினால் அவருக்கு மனநிம்மதி, நான் தடுக்க மாட்டேன். காகத்துக்குக் குற்றம் சொல்லாமல் இருந்தால் போதும்.

குஞ்சைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உடம்பு முழுக்க இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்தி நகர்ந்து, விரலை நீட்டினால் பற்றிக்கொள்கிறதா? அப்படியானால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. பெற்றவை அங்கேயே வந்து இரை கொடுக்கும். பூனை எட்டாத ஒரு செடியிலோ மதிலிலோ ஏற்றிவிட்டு விலகிவிடுங்கள். இறகே இல்லாத பிஞ்சாக இருந்தால் கூட்டிலேயே வைக்க வேண்டும். கூடு எட்டாவிட்டால் ஒரு சிறு பனையோலைக் கூடையில் காய்ந்த புல் போட்டு, அதே மரத்தில் கட்டி, அதற்குள் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. பாணைப் பாலில் நனைத்து ஊட்டவோ, வாயில் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்க் குஞ்சு செத்துவிடும்.

அந்தக் குஞ்சின் உடம்பில் வெள்ளைப் புள்ளியும் வரியும் இருந்தால், காகம் குயிலின் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளவத்தையின் இரைச்சலுக்கு நடுவிலும் இது நடப்பதைக் காணக் கிடைத்தால் மகனுக்குக் காட்டுங்கள். காகம் வாய் நிறைய இரையோடு வந்து, தன்னைப் போல இல்லாத ஒன்றின் அலகுக்குள் தலையை விட்டு ஊட்டும். நான் எப்போது கண்டாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு நன்றாகப் பறந்துவிடும், தட்டுவதும் நின்றுவிடும். அதுவரை மொட்டைமாடிக்குக் குடையோடு போங்கள். கல்லெறிய வேண்டாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முகமூடி அணிந்து அமெரிக்கக் காகங்களைப் பிடித்து நடத்திய ஆய்வில், துன்புறுத்திய முகத்தை அவை வருடக்கணக்காக மறக்காமல் வைத்திருந்தது தெரிந்தது. நம் காகங்களும் இலேசுப்பட்டவை அல்ல.

கபரகொய்யாவுக்கு நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. எலி, நண்டு, செத்த மீன், அழுகிய இறைச்சி எல்லாவற்றையும் தின்று கானைத் துப்புரவாக வைத்திருக்கிறது. மனிதரைத் துரத்தி வராது. ஓட வழியில்லாமல் மூலையில் மடக்கினால் மட்டும் வாலால் ஓங்கி அடிக்கும், கடிக்கவும் செய்யும். அந்தக் கடி சீழ்பிடிக்கும் என்பதால் கழுவிவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். அது அடிக்கடி வருவது பிடிக்கவில்லை என்றால், மீன் வெட்டிய கழிவைப் பின்பக்கத்தில் கொட்டாமல் மூடியுள்ள வாளியில் போடும்படி கீழ்வீட்டாரிடமும் காவலாளியிடமும் சொல்லுங்கள். உள்ளே வந்துவிட்டால் எல்லோரும் கூடிக் கத்தாமல், கால்வாய்ப் பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வந்த வழியே போய்விடும்.